வணிகவியல் படித்த பெண் டிசைன் படிக்கலாமா?

வணக்கம். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறேன். மகள் பிளஸ் டூ, வணிகவியல் குரூப்.

பட்டறைதான் அவளுக்கு விளையாட்டிடம். தட்டு தண்டில் மாட்டும் மரை தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பாதம் வரை வழியும். அதற்குத் தட்டின் அடியில் ஒரு வரிப்பள்ளம் வைத்து அட்டையில் மாதிரி செய்தாள். நானும் வார்த்துப் பார்த்தேன், எண்ணெய் பள்ளத்திலேயே நின்றது! முப்பது வருஷமாகத் துணியால் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்குத் தோன்றவில்லை.

"கணக்கு எடுக்காதவளுக்கு டிசைன் கிடையாது" என்று ஒரு ஆலோசகர் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் என்ற டிசைன் நுழைவுத் தேர்வை எந்தக் குரூப்பும் எழுதலாமாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் (என்ஐடி) நாலு வருஷ பி.டெஸ். என்ற டிசைன் பட்டம் தருகிறது. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அவள் கேட்பது சிற்பம் இல்லை, பொருள் வடிவமைப்பு.

டிசைன் படித்தவர்கள், பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தேர்வில் வரும் வரைதல் பகுதிக்கு வீட்டிலிருந்தே எப்படித் தயாராவது? தமிழ் வழியில் படித்தவள், ஆங்கில வினாத்தாளில் திணறுவாளா? விடுதியோடு சேர்த்துச் செலவு எவ்வளவு ஆனது? பழைய வினாத்தாள் இருந்தால் கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன்.