புதுப்பிப்பு: கோடையில் தனியாக ஹேமக் முகாம், கொசுவும் வியர்வையும்

மே மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணிப் படுக்கை) கட்டிப் படுத்தால், துணியின் அடிப்பக்கம் வழியாகவே கொசு கடிக்கிறது, முதுகு வியர்வையில் ஊறுகிறது, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜூன் கடைசியில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன்.

கொசுவுக்குக் கைகொடுத்தது, நீங்கள் சொன்ன பெர்மெத்ரின் (துணியில் தெளிக்கும் பூச்சிமருந்து) யோசனைதான். கிளம்புவதற்கு முந்தின நாளே ஹேமக்கின் அடிப்பக்கம் முழுக்க வெளிப்புறமாகத் தெளித்து, நிழலில் நன்றாகக் காயவிட்டேன். மேலே வலை, கீழே மருந்து. காலையில் முதுகைத் தடவிப் பார்த்தால் ஒரு தடிப்பு இல்லை. இது துணிக்கு மட்டும். தோலில் பூசக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால், ஈரம் காயும்வரை அதை அண்டவிடாதீர்கள், அதற்கு இது விஷம்.

வியர்வைக்கு, மெத்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு, தார்ப்பாயை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். காற்று தாராளமாக வந்தது.

எதிர்பாராதது இரண்டு. பகலில் 36 டிகிரி கொளுத்தியும், விடியற்காலை நாலு மணிக்கு முதுகு சில்லிட்டு விழித்துக்கொண்டேன்! அடியில் காற்று ஓடுவதுதான் காரணம். மெல்லிய போர்வையை முதுகுக்குக் கீழே விரித்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், வரைபடத்தில் நம்பியிருந்த ஓடை வற்றிக் கிடந்தது. சுமந்துபோன ஆறு லிட்டர் தண்ணீர்தான் காப்பாற்றியது.