‘சேஃப் காண்டக்ட்’: கடற்காவலா, வழிவிடு இசைவா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போர் நடக்கும் கடலில் ஒரு கப்பலைத் தாக்காமல், பிடிக்காமல் போகவிடப் போரிடும் தரப்புகள் தரும் ஒப்புதல்தான் ‘சேஃப் காண்டக்ட்’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த ‘கடற்காவல்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் காவல் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. பாளையக்காரர் காலத்துத் தேசகாவலில், காவல் கூலி வாங்கியவர் களவுபோன பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். போர்க்காலக் கப்பலுக்கு அப்படி யாரும் பொறுப்பேற்பதில்லை. ‘தாக்க மாட்டோம், பிடிக்க மாட்டோம், போய் வா’ என்கிறார்கள், அவ்வளவுதான்.

கிரீஸ் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. கடலை பிரிட்டன் முற்றுகையிட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பட்டினியால் செத்து விழுந்தார்கள். இஸ்தான்புல்லில் இருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு உணவு சுமந்த துருக்கியக் கப்பல் குர்துலுஷ், 1942 ஜனவரியில் மர்மரா கடலில் மூழ்கிப்போனது. அப்புறம் பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, அந்த ஆகஸ்டில்தான் ஸ்வீடன் கப்பல்கள் கனடா கோதுமையோடு வரத் தொடங்கின. பேசி முடித்த அளவு மாதம் 15,000 டன். முற்றுகையிட்டவனும் சம்மதிக்க வேண்டும், துறைமுகத்தைப் பிடித்து வைத்திருப்பவனும் சம்மதிக்க வேண்டும். ஒருவன் மறுத்தாலும் கோதுமை வந்து சேராது. அந்தச் சம்மதம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால் ‘வழிவிடு இசைவு’ என்கிறேன்.

‘நேவிசெர்ட்’டை இதோடு சேர்க்கக் கூடாது. அது, கப்பல் முற்றுகையைக் கடந்து போக பிரிட்டன் மட்டும் கொடுத்த தாள். நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் முன்பே சரக்கைப் பார்த்துக் கொடுப்பார்கள். 1940 கோடைக்குப் பிறகு அது இல்லாத கப்பலைப் பிடித்துவிடலாம் என்றாகிவிட்டது. அதற்குச் ‘சரக்கு முன்சான்று’ போதும். நம் முத்துக்குளித்துறைக் கடலில் போர்ச்சுக்கீசியர் கேட்ட ‘கார்ட்டாஸ்’ என்ற கப்பல் அனுமதிச் சீட்டும் இப்படி ஒருதலையானதே.

கிரீஸ் துறைமுகம் எதிரி பிடித்தது என்பதற்காக ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லைக் கலைச்சொல்லுக்குள் நுழைக்கவும் வேண்டாம். 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய ஒப்பந்தத்தில் இருந்த ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்டென்னி மூன்றும் உக்ரைன் கையில் இருந்த துறைமுகங்கள். ஆனாலும் அந்த ஒப்பந்தத்துக்கு ரஷ்யாவின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. அங்கும் இதே சொல் பொருந்தும்.

செய்தித் தலைப்புக்கு நீளம் என்றால் ‘வழியிசைவு’ என்று சுருக்கலாம். ‘கடற்காவல்’ மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. தூத்துக்குடியில் அதைச் சொன்னால் எல்லோரும் கடலோரக் காவல்படை என்றே எடுத்துக்கொள்வார்கள்.