டவுன் பஸ்ஸில் 14 வாண்டுகள்: கடலூரில் டேகேர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது எப்படி?

திருப்பாப்புலியூர்_மிஸ்:

வணக்கம். திருப்பாப்புலியூர் (திருப்பாதிரிப்புலியூர்) பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் டேகேர் நடத்துகிறோம். 3 முதல் 5 வயது வரை 14 பிள்ளைகள், இரண்டு மிஸ், ஒரு ஆயா. பிப்ரவரியில் ஒரு நாள் வெளியே அழைத்துப் போக ஆசை. வேன் வேண்டாம், பஸ் அல்லது ரயில்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். பாதிப் பிள்ளைகள் அப்பா பைக்கையும் வீட்டுக் காரையும் தவிர வேறு வண்டியில் ஏறியதே இல்லை. பாண்டி பொட்டானிக்கல் கார்டன், தேவனாம்பட்டினம் சில்வர் பீச், விழுப்புரம் வரை ரயில் என்று மூன்று யோசனை இருக்கிறது. எது சரி? எத்தனை பெரியவர்கள் வேண்டும்? டிக்கெட், நேரம், ஏற்றி இறக்கும் முறை எல்லாம் விவரமாகச் சொல்லுங்கள்.

மழலை_மேற்பார்வை:

மேடம், மூன்று பேர் போதவே போதாது. 3 வயதுக்கு மேல் 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று டேகேர்களுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொல்கிற கணக்கு நான்கு சுவருக்குள் இருக்கும்போது செல்லும். ரோட்டில் ஒரு பெரியவருக்கு இரண்டு கை, ஆகவே இரண்டு பிள்ளைகள். 14 பேருக்கு ஏழு பேர், அதற்கு மேல் கையில் பிள்ளையே இல்லாத ஒருவர். டிக்கெட் வாங்குவது, ரோட்டைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவது, வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைப்பது எல்லாம் அந்த எட்டாவது ஆளின் வேலை. அவரிடமும் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் குழம்பும்.

பெற்றோரில் ஐந்து பேரைக் கேளுங்கள். ஆனால் தன் பிள்ளையைத் தானே பிடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா கை எட்டும் தூரத்தில் இருந்தால் பிள்ளை தூக்கச் சொல்லி அழும், அம்மாவின் கண்ணும் கூட இருக்கும் இன்னொரு பிள்ளை மேல் நிற்காது.

முதல் தடவைக்குச் சில்வர் பீச். காரணம் கடல் இல்லை, பஸ். தேவனாம்பட்டினம் டவுன் பஸ் உங்கள் பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு அங்கே போய் முடிகிறது. இரண்டு முனையிலும் வண்டி நின்றுகொண்டிருக்கும், நிதானமாக ஏறி இறங்கலாம். நடு ஸ்டாப்பில் அரை நிமிடம் நிற்கிற வண்டியில் 14 பிள்ளைகளை ஏற்ற முடியாது. பாண்டி 22 கிலோமீட்டர், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும். அங்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடை. நமக்குக் கால் மணி நேரம், மூன்று வயதுக் காலுக்கு அரை மணி நேரம். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம், மரங்கள் பார்க்க வேண்டியவைதான். சில்வர் பீச் நல்லபடியாக முடிந்த பிறகு அங்கே போங்கள்.

காலை 9.30 வரை பள்ளி, கல்லூரிக் கூட்டம் இருக்கும். 9.45-க்கு வண்டியில் உட்கார்ந்து 11.45-க்குள் திரும்பிவிட வேண்டும். முகூர்த்த நாள் வேண்டாம். மாசி மகம் எந்தத் தேதி என்று காலண்டரைப் பாருங்கள், அன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி, நிற்க இடம் இருக்காது.

கடற்கரையில் காய்ந்த மணலோடு சரி. கால் நனைக்கவே விடாதீர்கள். ஒரு பிள்ளையை விட்டால் 14 பேரும் ஓடுவார்கள், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நாலு பெரியவர்கள் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்துவிட்டால் அதுவே வேலி.

காக்கிச்சட்டை_கடலூர்:

டிக்கெட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது (2022-க்கு முன்பு 3 வயது). அதற்கு மேல் 12 வரை அரை டிக்கெட். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை, ஆனால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். செக்கிங் ஏறினால் அதைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதி உங்கள் சீல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டி ரூட்டில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் இந்தச் சலுகைகளை நம்பி ஏறாதீர்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இனி வாசல். விபத்து நடப்பதெல்லாம் அங்கேதான். ஒரே வாசலில், முன்வாசலில் மட்டும் ஏறுங்கள், டிரைவர் தலையைத் திருப்பினாலே தெரியும். கண்டக்டர் பின்வாசலில் நின்று டபுள் விசில் கொடுத்தால் வண்டி நகர்ந்துவிடும், முன்படியில் ஒரு பிள்ளை நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏறும் முன்பே டிரைவர், கண்டக்டர் இருவரிடமும் "சார், சின்னப் பசங்க 14 பேர். எல்லாரும் உட்கார்ந்ததும் நானே சொல்றேன், அப்புறம் விசில் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும், கால் மணி நேரம் முன்பே போங்கள்.

முதல் படி அந்த வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு மேலே வரும், தானாக ஏற முடியாது. இரண்டு பெரியவர்கள் முதலில் ஏறட்டும், ஒருவர் வாங்க, ஒருவர் உட்கார வைக்க. கீழே நிற்பவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி விட வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு சட்டென்று பிசகிவிடும், பிள்ளை அழுதுகொண்டு கையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

செருப்பைக் கவனியுங்கள். சாதாரண ரப்பர் செருப்பு படியில் கழன்று கீழே விழும், பிள்ளை அதை எடுக்கக் குனியும். அது குனியும் இடம் சக்கரத்துக்குப் பக்கம். பின்வார் வைத்த செருப்புதான் போட வேண்டும்.

சீட் பிடிக்கும்போது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் பாருங்கள். கடைசி சீட் தூக்கிப் போடும். எதிரில் வெறும் கம்பி இருக்கிற முதல் சீட்டில் சடன் பிரேக் போட்டால் வாய் நேராகக் கம்பியில் மோதும். பிள்ளை உள்ளே, பெரியவர் வழிப்பக்கம். ஜன்னல் ஷட்டரின் கொக்கி பிடிக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், தானாக இறங்கி விரலை நசுக்குகிற ஷட்டர் நிறைய உண்டு.

இறங்கும்போது முதலில் ஒரு பெரியவர் இறங்கிப் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பஸ் ஓரம் ஒட்டி நிற்காவிட்டால் அந்த இடைவெளியில் இடது பக்கமாக டூவீலர் புகுந்து வரும். கையை நீட்டி நிறுத்தின பிறகுதான் முதல் பிள்ளையை இறக்க வேண்டும்.

ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கீழே நிற்கும்போது வண்டி நகர்ந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் அடுத்த ஸ்டாப்பில் எல்லாப் பிள்ளைகளோடும் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், கீழே நிற்பவர் அங்கே வந்து சேர வேண்டும். இரண்டு பக்கமும் தேடிக் கிளம்பினால் கதை கந்தல். பிள்ளையைக் காணவில்லை என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

வில்லியனூர்_பாசஞ்சர்:

ரயில் ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஸ்டேஷனில் வண்டி வந்து ஓரிரு நிமிடத்தில் கிளம்பிவிடும், அந்த நேரத்தில் 14 பேரை ஏற்ற முயலாதீர்கள். ரயிலுக்கு நல்லது பாண்டி ஸ்டேஷன்தான். லைன் அங்கே முடிகிறது, விழுப்புரம் பாசஞ்சர் காலியாக நிற்கும்போதே ஏறி உட்காரலாம். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் தாண்டி 38 கிலோமீட்டர். 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். ஆனால் நாளைக்குச் சில வண்டிகள்தான், திரும்பி வர வண்டி இல்லாமல் விழுப்புரம் பிளாட்பாரத்தில் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். 4, 5 வயதுக்காரர்களை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

இப்போதைக்கு ரயில் காட்டினால் போதும் என்றால் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கித் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார வையுங்கள். நிற்காமல் போகிற வண்டியின் ஹாரனுக்குச் சில பிள்ளைகள் மிரண்டு ஓடும், அறிவிப்பு வந்ததும் ஆளுக்கு இரண்டு பேரை மடியோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாப்புலியூர்_மிஸ்:

எல்லாருக்கும் நன்றி. சில்வர் பீச் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் சில சந்தேகம். கயிறு பிடித்து நடக்க வைக்கலாமா? பெயர் எழுதின பேட்ஜ்? வாந்திக்கு என்ன செய்வது? திரும்பும்போது தூங்கிவிட்டால்?

மழலை_மேற்பார்வை:

கயிறு நடக்க மட்டும். பருத்திக் கயிற்றில் இரண்டடிக்கு ஒரு வளையம், வலம் இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். மணிக்கட்டில் கட்டாதீர்கள், ஒன்று விழுந்தால் பின்னால் வருவதெல்லாம் சரியும். பஸ்ஸைக் கண்டதும் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு கை மாறுங்கள். படியில் கயிறு கிடந்தால் பெரியவர்களே தடுக்கி விழுவோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் உங்கள் தெருவில் பத்து நிமிடம் கயிறு பிடித்து நடந்து பழக்குங்கள்.

பேட்ஜில் பிள்ளையின் பெயர் வெளியே தெரியக் கூடாது. முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். வெளியே டேகேர் பெயரும் இரண்டு போன் நம்பரும் போதும், பெயரைச் சட்டைக்கு உள்பக்கம் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி.

எண்ணும்போது தலையை எண்ணாதீர்கள், முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி எண்ணுங்கள். மஞ்சள் தொப்பி போட்ட வேறு ஸ்கூல் பிள்ளை ஒன்று நடுவில் நின்றால் எண்ணிக்கை சரியாக வந்துவிடும், உங்கள் பிள்ளை ஒன்று வேறெங்கோ நிற்கும். கேட்டை விட்டு வெளியே வந்ததும், ஏறும் முன், உட்கார்ந்த பின், இறங்கிய பின் என நாலு தடவை. இருவர் தனித்தனியாக எண்ணி, வாய்விட்டுச் சொல்லி ஒத்துப் பார்க்க வேண்டும்.

வாந்திக்குக் காலை எட்டரைக்குள் இட்லி இரண்டு, பால் வேண்டாம். ஒவ்வொரு பெரியவர் இடுப்பிலும் இரண்டு கவர், ஒரு ஈரத்துணி. பெரிய பையில் வைத்தால் தேடி எடுப்பதற்குள் சட்டை நாசம். மாற்று உடை ஆளுக்கு ஒரு செட். புறப்படுகிற கடைசி நிமிடம் எல்லாரையும் பாத்ரூம் கூட்டிப்போங்கள், வரவில்லை என்று சொல்கிற பிள்ளையையும்.

தூக்கம்தான் பெரிய விஷயம். போகும்போது நடந்த பிள்ளைகளில் மூன்று நான்கு பேர் திரும்பும்போது தோளில் இருப்பார்கள், தோளில் ஒன்று இருந்தால் அந்தப் பெரியவருக்கு ஒரு கைதான் மிச்சம். அதனால் 11.45-க்குப் பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் மூன்று பேரை வரச் சொல்லிவையுங்கள். தூங்கும் பிள்ளையைக் கடைசியில் இறக்குங்கள், நடக்கிறவர்கள் முதலில் இறங்கி ஓரமாக நிற்கட்டும்.

பஸ் ஸ்டாண்டிலேயே பெற்றோர் வந்து நின்று "மிஸ், இப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஒன்று போனாலும் எண்ணிக்கை 13 ஆகும், யார் போனது என்று எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்காது. டேகேருக்குள் போய், கேட்டைப் பூட்டி, கடைசியாக ஒரு தடவை எண்ணி முடித்து, நோட்டில் கையெழுத்து வாங்கின பிறகு அனுப்புங்கள்.