மறு: கஸ்பு – ‘வினையேற்பு’ பொருந்துமா?

அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம்.

> கஸ்புக்கு ‘வினையேற்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, மனிதனுக்குத் தன் செயலில் உள்ள பங்கைக் குறிக்கும் இஸ்லாமிய இறையியல் சொல்தான் கஸ்பு. அதற்கு நீங்கள் சொன்ன தமிழ்ச்சொல்லின் இரண்டு பாதியிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதலில் ‘வினை’. கோவலன் வெட்டுப்பட்ட மதுரையில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால், படிப்பவர் நேரே முற்பிறவிக்குப் போய்விடுவார். சைவ சித்தாந்தம் படித்தவருக்கோ இப்பிறவியில் புதிதாகச் சேரும் ‘ஏறுவினை’ நினைவுக்கு வரும். மறுபிறவி இல்லாத மார்க்கத்துக்கு இந்தச் சுமை எதற்கு? ‘செயல்’ போதும்.

‘ஏற்பு’தான் பெரிய கோளாறு. யாரோ செய்து முடித்ததை அப்புறம் கைநீட்டி வாங்கிக்கொள்வதுதான் ஏற்பு. கஸ்பை விளக்கிய இறையியலாளர் அபுல் ஹசன் அல்-அஷ்அரீ சொன்னது அதுவல்ல. மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்ற முஃதஸிலாக்களையும், அவனுக்கு ஒரு பங்கும் இல்லை என்ற ஜப்ரிய்யாக்களையும் ஒதுக்கிவிட்டு அவர் நடுவழி கண்டார். செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதற்கான ஆற்றலையும் அந்த நொடியிலேயே மனிதனுக்குள் படைக்கிறான். அந்த ஆற்றலோடு சேர்ந்து செயல் நிகழ்வதே மனிதனின் கஸ்பு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நடுங்கும் கைக்கும் வேண்டுமென்றே அசைக்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் நமக்கே தெரிகிறதல்லவா என்பது அவர் தரப்பின் வாதம். விளக்குத்தூண் பக்கம் டீ மாஸ்டர் ஆற்றுவதைப் பாருங்கள். குளிர்காய்ச்சலில் அந்தக் கை நடுங்கி டீ சிந்தினால் யாரும் அவரைத் திட்டமாட்டார்கள். வேண்டுமென்றே ஊற்றினால் விடமாட்டார்கள். இரண்டு அசைவையும் படைத்தவன் ஒருவன்தான்.

ஆகவே ‘செயலீட்டம்’ என்கிறேன். குர்ஆன் 2:286இல் ஆன்மா ஈட்டிய நன்மைக்கும் தீமைக்கும் வருவது கஸ்பின் வேர்ச்சொல்தான். பிழைப்புக்குச் சம்பாதிப்பதற்கும் அரபியில் இதுவே. ‘ஏன்டா பாவத்தைச் சம்பாதிக்கிறே?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில்லையா? ‘செயற்சம்பாத்தியம்’ என்றே வைக்கலாம், அச்சில் பார்த்தால் சிரிப்பு வரும்.

சொல்லைப் பார்த்தும் கருத்து விளங்கவில்லை என்றவருக்கு: அரபியிலேயே ‘அஷ்அரீயின் கஸ்பைவிட நுணுக்கமானது’ என்று சொலவடை உண்டு. நாம் எந்தச் சொல்லை வைத்தாலும் அது தீராது.

இன்னொன்று பாக்கி. கீழக்கரைப் பக்கம் சட்டத்தில் ஷாஃபிஈகள், இறையியலில் அஷ்அரீ வழி. மதுரைச் சுற்றுவட்டார ராவுத்தர்கள் சட்டத்தில் ஹனஃபிகள், இறையியலில் மாதுரீதீ என்பவரின் வழி. இவர்களும் கஸ்பு என்பார்கள், ஆனால் மனிதனின் தேர்வுக்குக் கூடுதல் இடம் தருவார்கள். பிற்காலத்தார் அதை ‘இராதா ஜுஸ்இய்யா’ (பகுதி விருப்பம்) என்றனர். அதற்கும் தமிழில் ஒரு சொல் வேண்டும். ‘நாட்டம்’ என்ற சொல் அல்லாஹ்வுக்கென்றே ஆகிவிட்டது. ‘தனித்தேர்வு’ என்றால் டுடோரியல் வாசனை அடிக்கிறது. இப்போதைக்கு ‘விருப்பக்கூறு’ என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்லதாக இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.