இனத்துக்கு ஆடு விற்கிற சந்தை: நடத்தினவங்க சொல்லுங்க

கொக்கட்டிச்சோலை:
பங்குனியில இனத்துக்கெண்டு, அதாவது வளர்த்துக் குட்டி எடுக்க, கிடாயும் மறியும் (பெட்டை ஆடு) மட்டும் விற்க ஒரு நாள் வைக்க யோசினை. இறைச்சி யாவாரம் இல்ல. என்னத்தக் கவனிக்கணும்?

செங்கலடி:
பங்குனி நல்ல மாதம்தான் தம்பி. பெரும்போகம் வெட்டி கையில காசிருக்கும், வட்டையில (வயல்வெளியில) மேய்ச்சலும் கிடக்கும். மாரியில வச்சா கிரான் பக்கம் வெள்ளம் ஏறி, உள்ளூர் ஆக்கள் வரவே ஏலாது.

அதைவிட முக்கியம் ஹஜ்ஜுப் பெருநாள். வருசம் வருசம் சுமார் 11 நாள் முன்னுக்கு வரும். 2030 அளவில சித்திரை வருசப்பிறப்போட வந்து முட்டும். பெருநாள் கிட்ட சந்தை வச்சா திறமான கிடாயெல்லாம் இறைச்சி விலைக்குப் போயிரும், இனத்துக்கு வந்தவர் வெறுங்கையோட போவார்.

இன்னொண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக் கிடாய் கிழக்கால இருக்கிற எழுவான்கரைக்கும், அங்கத்தையது இங்கயும் மாறத்தான் இந்தச் சந்தை. ஒரே கிடாயை ரெண்டு வருசத்துக்கு மேல பட்டியில வச்சிருந்தா சொந்த மகளையே சேரும். குட்டி சிறுக்கிறதுக்கும் சாகிறதுக்கும் அதுவும் ஒரு காரணம். அதனால காதில நம்பர் போட்டு, பிறந்த மாதம், தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா எண்டு அட்டையில எழுதாத ஆட்டை உள்ள எடுக்காதீங்க.

திருக்கோவில்:
அட்டையை நம்புங்க, வாயையும் திறந்து பாருங்க. பால்பல் மட்டுமெண்டா பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள. நிரந்தரப் பல் ரெண்டெண்டா ஒண்டு தாண்டினது, நாலெண்டா ரெண்டு வயசளவு, எட்டும் வந்திருந்தா மூண்டரை நாலு.

கிடாய்க்கு விதை ரெண்டும் ஒரே அளவா, கைக்கு இறுக்கமா இருக்கணும். ஒற்றை விதைக் கிடாய் எவ்வளவு உசரமா நிண்டாலும் வேணாம், அந்தக் குறை குட்டிக்கும் போகும். கீழிமையைப் பெருவிரலால இழுத்தா சிவப்புத் தெரியணும். வெளிறிக் கிடந்தா பெரும்பாலும் வயித்தில இரத்தம் குடிக்கிற புழு. தாடைக்குக் கீழ கட்டியோ உதட்டைச் சுத்திப் பொருக்கோ இருந்தா வாசலோட திருப்பி அனுப்புங்க. அந்தப் பொருக்கு ஆக்களுக்கும் தொத்தும்.

பலர் கவனிக்காதது கொம்பு. பிறவியிலேயே கொம்பில்லாத மொட்டைக் கிடாயை மொட்டை மறிக்குச் சேர்த்தா ஆணுமில்லாம பொண்ணுமில்லாம குட்டி விழ இடமிருக்கு. சோடியில ஒண்டுக்காவது கொம்பு வேணும்.

சினையெண்டு விற்கிறவர் கிடாய் விட்ட திகதி சொல்லணும். அதிலயிருந்து குட்டி போட 150 நாள் கணக்கு. கடைசி மாதத்து ஆட்டை லொறியில ஏத்தவே கூடாது.

ஏறாவூர்:
நிறைதான் சண்டை வாற இடம். நிறை கூட்டிக் காட்ட, காலையில தண்ணியும் தவிடும் முட்டக் குடுத்துக் கொண்டு வருவாங்க. முதல் நாள் பின்னேரமே பட்டியில அடைச்சு, விடிய எல்லாத்தையும் ஒரே தராசில நிறுத்து அட்டையில எழுதினா கதை முடிஞ்சிது. தொங்கு தராசும் சாக்குத் தொட்டிலும் காணும்.

கிடாய்களுக்குத் தனிப் பட்டி, ஒண்டுக்கு ஒரு அடைப்பு. ஜமுனாபாரி இன ஆட்டுக் கலப்பு பாயும், வேலி நாலரை அடிக்குக் குறையக் கூடாது. மேல கிடுகு போடுங்க, பங்குனி வெயில் தகரத்துக்குக் கீழ ஆட்டை அவிச்சிரும்.

கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்க. கால்-வாய் நோய் (காலிலயும் வாயிலயும் புண் வாற தொத்து நோய்) பரவுற நேரமெண்டா சந்தையே வைக்க விடமாட்டாங்க. வாங்கினவர் கொண்டு போறதுக்கான சுகாதாரக் கடிதத்தையும் அங்கயே எழுதிக் குடுக்க ஒழுங்கு பண்ணினா வழியில மறிப்பு இல்ல.

செங்கலடி:
வாங்கின ஆட்டை மூணு கிழமை புறம்பாக் கட்டச் சொல்லி ஒவ்வொருத்தருக்கும் சொல்லி விடுங்க. செம்மறி வந்தா, மாட்டுக்கு வைக்கிற தாதுக்கட்டியை நக்க விட வேணாம். அதில இருக்கிற செம்பு கூடினா செம்மறி தாங்காது.