டெல்டா உளையில் ஃபோர் வீல் வண்டி: மாட்டினவங்க சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை:

போன தை மாசம், பொங்கல் முடிஞ்ச நாலாம் நாள். சொந்த ஊர்ல, சொந்தச் சித்தப்பா வயல்ல, மூணரை லட்சம் செலவு பண்ணி ஜோடிச்ச வண்டி அச்சு வரைக்கும் இறங்கி உட்கார்ந்த கதை இது. சிரிக்கிறவங்க தாராளமா சிரிக்கலாம். எங்க தெருவே சிரிச்சு முடிச்சிடுச்சு.

வண்டி 2021 மஹிந்திரா தார் டீசல். இமாச்சல் மலையில இருக்குற ஸ்பிட்டி போகணும்னு மூணு வருஷமா ஆசை. அந்த ஆசைக்கு ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டே வந்தேன்: 2 இஞ்ச் லிஃப்ட், மட் டெரெய்ன் டயர், இரும்பு பம்பர், அதுல ரோப்பைச் சுத்தி வண்டியை இழுக்குற வின்ச், கூரை மேல கேரியர், அதுக்கு மேல மடக்குக் கூடாரம், பின்னாடி இன்னொரு பேட்டரி, ஃபிரிட்ஜ், 40 லிட்டர் தண்ணி டேங்க். ஸ்பிட்டிக்கு லீவு கிடைக்கலை, பொங்கலுக்குத்தான் கிடைச்சுது.

நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்பு இருக்குல்ல, வெண்ணாறுலேருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியுற இடம், அதுக்குக் கீழதான் எங்க வயல். சம்பா அறுப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. கப்பி ரோட்டை மறிச்சு நின்னு ஒரு டிரெய்லர் வைக்கோல் ஏத்திக்கிட்டிருந்துச்சு, இன்னும் அரை மணி நேரம் ஆகும்னாங்க. பக்கத்து வயல்ல அப்பத்தான் பெல்ட் மிஷின் (சக்கரத்துக்குப் பதிலா பெல்ட்ல ஓடுற நெல் அறுப்பு மிஷின்) அறுத்துட்டு மேல ஏறியிருந்துச்சு. மூணு டன் மிஷின் ஓடின வயல்ல நம்ம வண்டி ஓடாதான்னு ஒரு நினைப்பு. ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர் வயல்தான், குறுக்க விட்டா அந்தப் பக்கம் களத்துமேடு. ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற கியர்) போட்டு இறங்கிட்டேன்.

முதல் இருபதடி ராஜா மாதிரி போச்சு. அறுத்த நெல்லுத் தாள் அடர்த்தியா இருந்ததால மேல்பரப்பு தாங்குச்சு. பாதி தாண்டினதும் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேக்கல. டயர் சுத்துது, வண்டி நகரலை. இறங்கிப் பார்த்தா, இவ்வளவு பெரிய பட்டன் வச்ச டயர்ல பட்டனையே காணோம். களி அப்பி நாலும் போண்டா மாதிரி வழவழன்னு இருக்கு. மட் டயர் வேகமா சுத்தினா சேத்தை உதறித் தள்ளும்பாங்க. ஆத்துச் சேத்துல அது நடக்கும். நம்ம ஊர் களி உதறினாப் போற சாதி இல்லை. பின் அச்சுல சக்கரங்களை ஒண்ணாப் பூட்டுற லாக்கர் இருந்ததால ரெண்டு சக்கரமும் ஒத்துமையா ஆளுக்கொரு குழி தோண்டிக்கிட்டு இறங்குச்சு. லிஃப்ட் போட்டிருந்தேனே, அது எங்க போச்சுன்னு கேப்பீங்க. லிஃப்ட் உடம்பைத்தான் தூக்கும், அச்சைத் தூக்காது. அச்சு உயரணும்னா டயர்தான் பெருசாகணும். தெரிஞ்ச விஷயம்தான், ஆனா அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

பெல்ட் மிஷின் ஓட்டி வந்தவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வரப்புல நின்னு வண்டியை ஒரு சுத்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "எவ்ளோ எடைங்க இருக்கும்?" எனக்குத் தெரியலை. "உங்க வண்டி ஊசிங்க. எங்களுது பாயி"ன்னு சொல்லிட்டு பீடி பத்த வச்சார்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயர்ல காத்து 32 பவுண்டுன்னா தரையை ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2.25 கிலோ அமுக்குது. தோராயக் கணக்குதான், டயரோட பக்கச்சுவர் தாங்குறதைச் சேர்க்கலை. மூணு டன் மிஷினுக்கு 45 செ.மீ. அகலத்துல, ஒன்றரை மீட்டர் நீளம் தரையில படியுற பெல்ட் ரெண்டு. அது அமுக்குறது 0.22 கிலோ. ஒத்தக் கால்ல நிக்குற மனுஷனே 0.35 வருவான். அறுப்பு மிஷின் நடந்து போற ஆளை விட லேசாப் போகுது, நான் பத்து மடங்கு அழுத்திக்கிட்டுப் போயிருக்கேன்.

மீட்ட கதைக்கு வர்றேன். வின்ச்ல ரோப் 28 மீட்டர். கட்டுறதுக்கு மரம்னு பார்த்தா அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஒரு தென்னை. வின்ச் விளம்பரத்துலயெல்லாம் வண்டிக்கு எதிர்ல எப்பவும் ஒரு பெரிய மரம் நிக்கும், கவனிச்சிருக்கீங்களா? கடைசியில சித்தப்பா டிராக்டரைக் களத்துமேட்டுல கொண்டாந்து நிறுத்தி, அதுல கட்டி வின்ச்சை ஓட்டினேன். ரோப் மேல நனைச்ச சாக்கைப் போட்டு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னது மட்டும்தான் அன்னிக்கு நான் செஞ்ச புத்திசாலித்தனம். ரோப் விறைச்சுது, வண்டி அசையலை, பம்பர் மட்டும் இடது பக்கம் பிய்ஞ்சுக்கிட்டு வந்துடுச்சு. பம்பர் அடிச்சுக் கொடுத்த பட்டறையில அதை சாசிஸ்ல முடுக்காம, மெல்லிசுத் தகட்டு பிராக்கெட்ல நாலு போல்ட் போட்டு நிறுத்தியிருக்காங்க. வின்ச் தாங்கும், அதைத் தாங்குறது தாங்கலை.

அப்புறம் மண்வெட்டிதான். நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் சரிவாக் கொத்தி, அச்சுக்கு அடியில கையால சேத்தை வழிச்சு, தென்னமட்டையைத் திணிச்சு, டயர் காத்தை 14க்கு இறக்கினோம். உளை வண்டியைக் கவ்விப் பிடிச்சிருக்கும், அந்தக் கவ்வல் விடுற வரைக்கும் எந்த ரோப்பும் பேசாது. சாசிஸ் கொக்கியில, இழுத்தா ரப்பர் மாதிரி நீளுற கைனெட்டிக் ரோப்பை மாட்டி டிராக்டர் ஒரு இழு. வந்துடுச்சு.

வந்ததுக்கு அப்புறம்தான் சித்தப்பா வாயைத் திறந்தார். "ஏன்டா, உளுந்து தெளிச்சிருக்கேன்டா அதுல." அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சு விடுறது நம்ம வழக்கம். சென்னையில இருந்து இருந்து அதுவே எனக்கு மறந்து போச்சு.


படுகை ஜிம்னி:

அண்ணே, உளுந்து விஷயத்துல உங்களுக்கு மன்னிப்பே கிடையாது :)

எனக்குத் திருவையாத்துப் பக்கம், கொள்ளிடப் படுகையில எங்க மாமாவுக்கு வாழைத்தோட்டம். மாட்டுவண்டித் தடம் மணல்லதான் போகும். உங்களுக்குக் களி, எனக்கு மணல், ஆனா வைத்தியம் ஒண்ணுதான்: காத்தை இறக்கு. மணல்ல நான் 15 வைப்பேன். டயர் சப்பையானா பாதம் நீளமாகும். அந்தக் காத்துல வேகமா ஓட்டிக்கிட்டே ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆயிருக்கு. நடு மணல்ல ஜாக்கி போட்டா ஜாக்கி புதையுது. ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பலகைத் துண்டு ஒண்ணு அன்னையிலேருந்து வண்டியில கிடக்கு. வாங்கினதுலயே மலிவான சாமான் அதுதான்.

ஏத்துறதுக்கு கம்ப்ரசரை சிகரெட் லைட்டர்ல சொருகாதீங்க. அந்த ஃபியூஸ் 10, 15 ஆம்பியர்தான் இருக்கும், கொஞ்சம் பெரிய கம்ப்ரசர் 30 இழுக்கும். நேரா பேட்டரியில கிளிப் மாட்டணும், எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கணும்.

தென்னையைப் பத்திச் சொன்னீங்க. கிட்டவே இருந்திருந்தாலும் நான் யோசிப்பேன். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர். ஈரமண்ணுல இளமரத்தை நம்பி இழுத்தா மரம் நம்ம பக்கம் வரும். பனை கிடைச்சா விடாதீங்க. ரோப்பை மாட்டுற பட்டை பெல்ட்டை அடிமரத்துல, தரையை ஒட்டிக் கட்டுங்க. ரெண்டும் இல்லேன்னா ஸ்டெப்னி டயரை ஆழமாக் குழி வெட்டிப் படுக்க வச்சுப் புதைச்சு அதுல கட்டலாம். செஞ்சிருக்கேன். முக்கால் மணி நேரம், ஒரு குடம் வியர்வை.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. மணல் அள்ளின பழைய குழியில வெள்ளம் வந்து வண்டல் மூடியிருக்கும், பார்க்க சமமா இருக்கும். கம்பு குத்திப் பார்க்காம ஒரு அடி நகர மாட்டேன். ஒரு தடவை முன்சக்கரம் இறங்கினது. என்னோட வண்டி 1,200 கிலோ சொச்சம், வாழைத்தார் சுமக்கிற நாலு பேர் வந்து தூக்கி நகர்த்தி வச்சுட்டாங்க. உங்க வண்டியைத் தூக்க நாற்பது பேர் வேணும்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தா மூணு நாலு நாள்ல கல்லணை. கொள்ளிடத்துல தண்ணி வர்றது அந்தக் கணக்குல இல்லை, உபரி வந்தா முக்கொம்புலேருந்து திடீர்னு விடுவாங்க. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணை மதகுகளே இடிஞ்சு போனதைப் பார்த்தவங்க நாங்க. ஆடி மாசம் நான் வண்டியை ஆத்துக்குள்ள இறக்குறதே இல்லை, வாழைக்கு நடந்துதான் போறது.


பழைய பொலேரோ:

என்னுடையது பழைய பொலேரோ ஃபோர் வீல். அழகு செய்ததெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த வண்டி பார்த்ததை எந்த அலங்கார வண்டியும் பார்த்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தது. மறுநாள் தஞ்சாவூரிலிருந்து தார்ப்பாய், மெழுகுவத்தி, குடிநீர் ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை வழியாக வேதாரண்யம் பக்கம் கிளம்பினோம், மூன்று பேர். மொத்தப் பயணத்தில் ஃபோர் வீல் போட்டது மூன்று முறையோ நான்கு முறையோ. மற்ற நேரமெல்லாம் மரம் அறுத்தோம். சாலை நெடுக தென்னை குறுக்கே கிடந்தது, மின்கம்பம் வளைந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் அரிவாளும் ரம்பமுமாக எங்களுக்கு முன்னால் வெட்டிக்கொண்டே போனார்கள். எங்கள் ரம்பம் இரண்டாவது நாளே பல் போனது. பறந்துவந்த தகரக் கூரைகளின் ஆணிகள் சாலை முழுக்க. ஒரே நாளில் மூன்று பஞ்சர். டியூப்லெஸ் டயருக்கு பஞ்சர் கிட்டில் இருந்த திரி தீர்ந்து, நான்காவதற்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு புண்ணியவான் இருட்டில் கைவிளக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஆகவே சாமான் பட்டியல் கேட்டால் என் பதில்: நல்ல ரம்பம், அரிவாள், இருபது பஞ்சர் திரி, மண்வெட்டி, கயிறு. மின்சாரம் இல்லாத ஊரில் எல்லா பங்க்கிலும் டீசல் கிடைக்காது, ஒரு கேன் உபரி.

இன்னொன்று பின்னால்தான் தெரிந்தது. கடலோரத்தில் சாலையை மூடி நின்ற தண்ணீரில் முழங்கால் ஆழத்துக்குப் பல முறை இறங்கினோம். இரண்டு வாரம் கழித்துப் பின் அச்சு ஆயிலை இறக்கினால் பால் காப்பி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அச்சின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும், சில நூறு ரூபாய் வேலை. எஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கலுக்குப் பல ஆயிரம் செலவழிக்கிறவர்கள் இதைச் செய்வதில்லை. உப்புத்தண்ணீர் என்றால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். நான் கழுவவில்லை. அடுத்த கோடைக்குள் சைலன்சரும் பிரேக் பைப்பும் உதிர்ந்தன.

வேதாரண்யம் சதுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, சிமெண்ட் தரை போலத் தெரியும். கீழே குழம்பு. கோடியக்கரை சரணாலயப் பகுதி வனத்துறையுடையது, அங்கே தடம் விட்டு வண்டி இறக்குவது குற்றமும்கூட. படம் எடுக்க ஆசைப்பட்டு இறங்காதீர்கள்.


நாகை புதுசு:

வணக்கம். நான் இப்பத்தான் வண்டி எடுத்திருக்கேன். இரும்பு பம்பர் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா? மழைக்கு ஸ்நார்க்கல் வேணுமா?


பழைய பொலேரோ:

பம்பர் வேண்டாம் தம்பி. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு கூடாது என்று 2017 இறுதியிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது உங்கள் பம்பரைத்தான். ஸ்நார்க்கல் போட்டாலும் வண்டியின் மற்ற ஒயரிங், பிரீதர், கதவு ரப்பர் எல்லாம் பழையபடிதானே இருக்கும்? எஞ்சின் மூச்சு விடும், மற்றதெல்லாம் மூழ்கும். முதல் மழைக்கு ஒரு நல்ல ஏ.டி. டயர் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது), கம்ப்ரசர், கயிறு. மீதிக் காசுக்கு டீசல் போட்டு ஊர் சுத்துங்கள்.


வெண்ணாற்றங்கரை:

பொலேரோ அய்யா சொன்ன சட்ட விஷயம் எனக்கும் லேட்டாத்தான் தெரியும். பம்பர் தானாவே பிய்ஞ்சுக்கிட்டதால ஒரு வேலை மிச்சம்.

ஆத்தூர்க்காரர் கேட்ட கேள்வி மண்டையில குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் ஊர்ல ரைஸ் மில் எடைமேடையில வண்டியை ஏத்தினேன். டேங்க் நிரப்பி, நானும் உள்ள இருக்க 2,240 கிலோ. மில்காரர் "நெல்லு எங்க?"ன்னு கேட்டார். கூடாரம், கேரியர், வின்ச், பம்பர், தண்ணி டேங்க், ரெண்டாவது பேட்டரி எல்லாத்தையும் கழட்டிச் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில போட்டுட்டு மறுபடியும் ஏத்தினேன். 1,960. ஏறக்குறைய அஞ்சு மூட்டை நெல்லைத் தலையில சுமந்துக்கிட்டு ஒரு வருஷமா ஓட்டியிருக்கேன்.

கொட்டகையில கூடாரத்துக்குள்ள இப்ப கோழி அடையுது. கரை ரோட்டுல போறப்ப வண்டி ஒரு பக்கமாச் சாயுற பயமும் போச்சு, மேல இருந்த கனமெல்லாம் இறங்கினது காரணம். மட் டயரை வித்துட்டு ஏ.டி. மாட்டியாச்சு. இப்ப எந்த வயல்ல, எந்தத் தடத்துல இறங்குறதா இருந்தாலும் முதல்ல செருப்பைக் கழட்டிட்டு நடந்து பார்க்குறேன். குதிகால் பதிஞ்ச பள்ளத்துல தண்ணி ஊறினா வண்டி ரோட்டுலயே நிக்கும்.

படுகை தம்பி, கம்ப்ரசர் பத்தி எழுதினீங்களே. நான் வாங்கினதுலேயே நல்ல சாமான் அதுதான். எந்த மாடல்னு கேட்டா பார்த்துச் சொல்ல வண்டியில இல்லை. உளுந்துக்கு ஈடா சித்தப்பா எடுத்துக்கிட்டார். டிரெய்லர் டயருக்குக் காத்து அடிக்க நல்லா இருக்காம்.