முக்கூடல் பக்கம் ஒரு கிராம சபைத் தீர்மானம்: மதுவிலக்கு வேணுமா, வேண்டாமா?

பீடிக்காரி மகள் (முக்கூடல் பக்கம்):

ஜனவரி 26 அன்னிக்கு எங்க ஊர்ல கிராம சபை. பொம்பளையாளு முப்பது பேருக்கு மேல போயி முன்னால உக்காந்தோம். மதுக்கடையை எடுக்கணும்னு தீர்மானம் போடச் சொன்னோம், போட்டாங்க. கடைக்கு பஸ் ஸ்டாப்புல இருந்து எண்ணி நாப்பது எட்டு வச்சாப் போதும். பள்ளிக்கூடத்துக்கு 100 மீட்டர் தள்ளி இருந்தாப் போதும்னு விதி. டேப் வச்சு அளந்தா 112 வருது, அதனால சட்டப்படி சரின்னுட்டாங்க. சாயங்காலம் மணி அடிச்சுப் பிள்ளைய வெளிய வரும்போது அந்த 112 மீட்டரை யாரு அளக்கா? எட்டாப்பு படிக்கிற எங்க அக்கா மவ ரோட்டை விட்டுட்டு வாய்க்கா வரப்பு வழியாச் சுத்தி வீட்டுக்கு வாரா.

வெளிய வந்தப்போ ஒரு பெரியவர் கேட்டார், "இந்தக் கடையை எடுத்தா அடுத்த ஊருக்குப் போவான், நாடு முழுக்க மூடுனாத்தானே தீரும்?"னு. எனக்கும் அதுதான் எண்ணம். கலெக்டருக்குக் கொடுக்கப்போற மனுவுல முதல் வரியே "தமிழ்நாடு முழுவதும் மதுவிலக்கு வேண்டும்"னு எழுதியிருக்கேன். ரெண்டாவது வரிதான் எங்க ஊர்க்கடை. நீங்கள்லாம் என்ன சொல்லுதிய? மறைக்காமச் சொல்லுங்க.

வள்ளியூர் டிரைவர்:

தங்கச்சி, ரெண்டாவது வரிக்கு நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன். முதல் வரிதான் தப்பு.

அதே ஜனவரி 26 அன்னிக்கு மாநிலம் முழுக்கக் கடை அடைப்பு. அன்னிக்கு யாரும் குடிக்கலையா? எங்க ஊர்ல முந்தின நாள் ராத்திரியே வாங்கி அடுக்கி வச்சு, 140 ரூவா குவார்ட்டரை 250க்கு வித்தாங்க. கோழிக்கூட்டுக்குப் பின்னால ஈரச் சாக்கைப் போட்டு மூடி வச்சிருந்ததை நானே பாத்தேன். போன் போட்டா பைக்ல வீட்டுக்கே வருது. முழு மதுவிலக்குன்னா வருசம் 365 நாளும் இந்த ஜனவரி 26தான்.

நான் குஜராத் மோர்பிக்கு டைல்ஸ் ஏத்தப் போற வண்டிக்காரன். குஜராத்துல 1960ல மாநிலம் பிரிஞ்ச நாள்ல இருந்தே மதுவிலக்கு. அங்க லோடுக்குக் காத்துக் கிடந்த ரெண்டு நாள்ல மூணு பேரு வந்து வேணுமான்னு கேட்டான். 2022 ஜூலையில அந்த மாநிலத்துல போட்டாட் பக்கம் நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அவங்க குடிச்சது தொழிற்சாலைக்கு வந்த மெத்தனால். பீகார்ல 2016ல தடை போட்டாங்க. கோர்ட்டு தாங்காம 2022ல, முதல் தடவை மாட்டுறவன் அபராதம் கட்டிட்டுப் போகலாம்னு சட்டத்தையே திருத்துனாங்க. அந்த வருசக் கடைசியில சாரண் மாவட்டத்துல மறுபடி கள்ளச்சாராயச் சாவு. உள்ள போறது கூலிக்காரன், காசு பாக்கிறது கடத்துறவன். அந்த நிலைமை நம்ம ஊருக்கும் வேணுமா?

பீடிக்காரி மகள்:

அண்ணாச்சி, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை மறந்துட்டியளா? 2024 ஜூன். விஷச்சாராயத்துல அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க. முந்தின வருசம் மே மாசம் மரக்காணம் பக்கம். அப்பல்லாம் இங்க மதுவிலக்கா இருந்துச்சு? நாலாயிரத்துக்கு மேல அரசாங்கக் கடை திறந்துதான் கிடந்துச்சு. கடைச் சரக்கு வாங்கத் துட்டில்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போறான். கடை திறந்திருந்தா விஷச்சாராயம் வராதுங்கிற பேச்சை அந்த அறுபது வீட்டு வாசல்ல போயிச் சொல்ல முடியுமா?

நான் கண்ணால பாத்ததைச் சொல்லுதேன். நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை இருக்கக் கூடாதுன்னு 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2017 ஏப்ரல் 1ல இருந்து தமிழ்நாட்டுல மூவாயிரம் கடைக்கு மேல மூடுனாங்க. எங்க ஊர்க்கடையும் மூடுச்சு. அடுத்த கடைக்கு ஒம்பது கிலோமீட்டர் போகணும், சாயங்காலம் ஆறரைக்கு மேல திரும்பி வர பஸ் கிடையாது.

எங்கப்பா கொத்தனார். அம்மா பீடி சுத்துதா. சனிக்கிழமை அம்மாவுக்குச் சம்பளம். அதுக்கு முன்னாலல்லாம் சனிக்கிழமைன்னா அம்மா உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பீடி சுத்துற சுளகை மடியில வைப்பா. அப்பா வந்து துட்டு கேட்டு, இல்லைன்னா சுளகைத் தட்டி விடுவாரு. பீடித்தூள் தரையில கொட்டிட்டா மண்ணோட சேந்துரும், அள்ளினாலும் ஆகாது. கொடுத்த தூளுக்குப் பீடி குறைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்கிடுவாங்க. நான் சிம்னி விளக்கை வச்சுக்கிட்டு விரல் நுனியால தூளைப் பொறுக்குவேன். அப்போ எனக்குப் பதினாலு வயசு. இன்னைக்கும் பீடித்தூள் வாசம் வந்தா எனக்கு அந்தத் தரைதான் ஞாபகத்துக்கு வருது.

கடை மூடின அந்த நாலு மாசம் அம்மா சுளகை எடுத்துக்கிட்டு வாசத் திண்ணைக்கு வந்து உக்காந்தா. அப்பா குடியை விட்டுட்டாருன்னு சொல்லமாட்டேன். ஒம்பது கிலோமீட்டர் தினமும் போக அவரால முடியல. வாரத்துக்கு ஒரு நாள் ஆச்சு. மத்த நாள் தூக்குவாளியில ஏதாவது வாங்கிட்டு வருவாரு. அப்புறம் வாழைத்தோட்டத்துக்கு நடுவுல ஒரு ஷெட்டைப் போட்டுக் கடையைத் திறந்துட்டாங்க. மறுபடி அம்மா உள் ரூமுக்குப் போயிட்டா.

உங்க கோழிக்கூட்டுக் கணக்கையே எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி. 250 ரூவான்னா எங்கப்பா வாங்கியிருக்க மாட்டாரு.

பனங்காடு (திசையன்விளை):

மதுவிலக்குன்னு பேச ஆரம்பிச்சா கள்ளையும் பிராந்தியையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிருதாங்க. அங்கதான் எனக்கு வருத்தம்.

எங்க ஐயா பனையேறி. தளைநாரைக் கால்ல மாட்டி, இடுப்புல அருவாப்பெட்டியோட விடியும் முன்னால ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை ஏறுவாரு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டினா பதநீ. தடவலைன்னா கள்ளு. ரெண்டும் ஒரே பாளையில இருந்து சொட்டுறதுதான். வெக்கை கூடின நாள்ல சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்சாலும் புளிச்சுரும். அப்படி ஒரு நாள் கலயத்தை மோந்து பாத்துட்டு ஐயா மேல வழக்குப் போட்டாங்க. ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு நடந்தாரு. வாய்தா நாள்ல மரம் ஏற முடியாது, பாளை காஞ்சுரும்.

1987ல இருந்து கள்ளு கூடாது. 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்க பிராந்தியை அரசாங்கமே விக்கலாம், அஞ்சு சதவீதம் போல இருக்க கள்ளை இறக்கினா குற்றம். செங்கோட்டை தாண்டினாக் கேரளத்துல கள்ளுக்கடை இருக்கு. இங்க பனையை மாநில மரம்னு சொல்லிக்கிட்டு, ஏறுறவன் பிள்ளைய எல்லாம் ஊரை விட்டுப் போயாச்சு. பிராந்திக்கடையை மூடுங்க, கையெழுத்துப் போடுதேன். கள்ளை விடுங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார் (அம்பாசமுத்திரம்):

தம்பி பனங்காடு, உங்கள் தகப்பனார் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தபோது நான் ஆசிரியர். கடையை ஏலம் எடுத்தவர் வேறு, மரம் ஏறியவர் வேறு. மரத்தில் இறங்கிய கள்ளைவிடக் கடையில் விற்ற கள் அதிகம் என்று ஊரே பேசிக்கொண்டது. ஏறியவர் கையில் பணம் நின்றதாக எனக்கு நினைவில்லை.

வருமானம் போய்விடுமே என்று யாராவது இனிச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு மாவட்டமாக விரித்தார். கலால் வருமானம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கலைஞர் அதைத் தளர்த்தினார். மதுவிலக்கு போனது, விற்பனை வரி மட்டும் நின்றுவிட்டது. பள்ளியில் வரலாறு நடத்தும்போது இதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடித்ததில்லை. டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காக வந்த நிறுவனம். 2003 நவம்பரில்தான் சில்லறை விற்பனையையும் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது.

நான் 1949இல் பிறந்தவன். 22 வயது வரை ஒரு மதுக்கடைப் பலகையைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்தேன். அப்போதும் ஆற்றோரம் சாராய ஊறல் போட்டவர்கள் உண்டு. பெர்மிட் வாங்கிக் குடித்த வசதியானவர்களும் உண்டு. ஆனால் குடிப்பவன் ஒளிந்துகொண்டு குடித்தான். பிள்ளைகள் எதிரே வந்தால் வெட்கப்பட்டான். இன்று வழி மாறி நடப்பவள் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். இதைச் சகித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பனங்காடு:

சார்வாள், அப்போ ஏலம் வேண்டாம். மரம் ஏறுறவனே மரத்தடியில விக்கட்டும். அதைச் சொல்லுங்களேன்.

செவிலி (பாளையங்கோட்டை):

பதினோரு வருஷமாக வார்டில் நிற்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு மேல் சிலருக்குப் புத்தி தடுமாறும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் கடை அடைத்து, மே 7ஆம் தேதி திறந்தார்கள். கடை அடைத்த முதல் வாரம் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கட்டில் விரிப்பிலிருந்து இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "சிஸ்டர், பிடிங்க, ஓடிரும்" என்றார். அவர் மனைவி பேய் பிடித்திருக்கிறது என்று இரண்டு நாள் திருநீறு போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் வந்திருந்தார். பிழைத்துக்கொண்டார். வேறு ஊர்களில் ஷேவிங் லோஷனைக் குடித்துச் செத்தவர்களும் அந்த ஊரடங்கில் உண்டு.

இதனால் மதுக்கடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாக முப்பத்தைந்து வயது ஆண்கள் வருகிறார்கள். ஈரல் சுருங்கிப்போன பிறகு நாங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை. வயிற்று நீரை எடுப்போம், இரண்டு வாரத்தில் மறுபடி சேரும். பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கழுத்தில் தாலிக்கயிற்றில் மஞ்சள்தான் இருக்கும். தங்கம் அடகுக்கடைக்கு எப்போதோ போயிருக்கும்.

மனுவில் மூன்றாவது வரி ஒன்று சேருங்கள். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் குடிநோயாளிக்குக் கட்டில், மருந்து, ஆலோசகர். அது இல்லாமல் ஒரே ராத்திரியில் மூடினால் அந்தப் பாரமும் பெண்கள் தலையில்தான் விழும்.

வள்ளியூர் டிரைவர்:

சிஸ்டர் சொன்னது சரி. சார்வாள் சொன்ன விற்பனை வரிக் கதை எனக்குப் புதுசு. ஆனா அந்தக் காலத்து வருமானம் வேற. 2024-25ல டாஸ்மாக்ல அரசாங்கத்துக்கு வந்தது 48,344 கோடி. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தன்னிஷ்டத்துக்கு வரி போட வழி குறைவு. பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, இப்படிக் கொஞ்சம்தான் கையில இருக்கு. இலவச பஸ்ஸு, காலை உணவு, பொம்பளையாளுக்கு மாசம் 1,000 ரூவா, எல்லாம் எங்க இருந்து வரும்? டீசல்ல ஏத்துனா என் வண்டி ஓடாது.

நானும் குடிக்கிறவன்தான் தங்கச்சி. வண்டி ஓட்டும்போது தொட்டதில்ல. லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்து ஒண்ணு, சாப்பாடு, தூக்கம். என்னைக் குற்றவாளியாக்குற சட்டத்துக்கு நானே எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

பீடிக்காரி மகள்:

அண்ணாச்சி, நீங்க மனசுல உள்ளதைச் சொன்னதுக்கு நானும் சொல்லுதேன். அந்த ஆயிரம் ரூவா எங்க அம்மாவுக்கும் வருது. 15ஆம் தேதி வாக்குல போன்ல மெசேஜ் வரும். அப்பாவுக்கும் அந்தத் தேதி தெரியும். 140 ரூவாக் கணக்குல அது ஏழு குவார்ட்டர், மிச்சம் 20 ரூவா. அம்மா அதை வாங்கிப் பிள்ளையளுக்கு முட்டை வாங்கணும்னு நினைப்பா. ஒரு கையில கொடுத்த துட்டு அதே வாரத்துல பஸ் ஸ்டாப்புக் கடையில போய்ச் சேருது. 48,344 கோடின்னு சொல்லுதியே, அதுல எங்க வீட்டுப் பீடியும் இருக்கு. பதினெட்டு வருசமா அம்மா சுத்துன பீடி.

சிஸ்டர் சொன்ன மூணாவது வரியை எழுதிட்டேன். கட்டில், மருந்து, ஆலோசகர், அப்படியே எழுதியிருக்கேன். எங்கப்பாவுக்கு அது வேணும். ராஜாஜி செஞ்ச மாதிரி மாவட்டம் மாவட்டமா மூடட்டும். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பக்கம் உள்ளது முதல்ல போகட்டும். அஞ்சு வருசம் ஆனாலும் சரி. கள்ளு விசயத்துல பனங்காடு அண்ணனுக்கு நான் பதில் சொல்லத் தெரியாதவ, அது தனியா ஒரு மனுவா இருக்கட்டும்.

வள்ளியூர் டிரைவர்:

மாவட்டம் மாவட்டமான்னா நான் யோசிப்பேன். முதல் வரியைக் "கடைகளைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்"னு மாத்திரு தாயி, எங்க ஸ்டாண்டுல இருக்க இருபது டிரைவர் கையெழுத்து நான் வாங்கித் தாரேன்.

பீடிக்காரி மகள்:

மாத்த மாட்டேன் அண்ணாச்சி. 2015ல மதுவிலக்குக்குப் போராடுன சசிபெருமாள் ஐயா மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில ஒரு கடையை எடுக்கச் சொல்லி செல்போன் டவர் மேல ஏறி அங்கேயே செத்தாரு. அவரு கேட்டதும் மதுவிலக்குதான். முழுசாக் கேட்டாத்தான் பாதியாவது கிடைக்கும்.

திங்கக்கிழமை மனு நாள். காலைல ஒம்பதரைக்கு நாங்க கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இருப்போம். ரெண்டாவது, மூணாவது வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட நினைக்கவங்களுக்குத் தனியா ஒரு தாள் வச்சிருக்கேன். உங்க இருபது பேருக்கும் அதுல இடம் இருக்கு, வாங்க.